கண்ணாடித் தொட்டியும் கால்வாயும்

பிறிதோர் உயிரைத் தொட்டியில் அடைத்து வைத்து அதன்மீது அன்பு பாராட்டுபவன் எதற்கெல்லாம் பொறுப்பாளி? இரையும் நீரும் கொடுத்ததோடு அவன் கடன் தீர்ந்துவிடுமா? அக்சலோட்டல் என்னும் சலமந்தரை முன்வைத்து இவ்வினாவை ஆராய விரும்புகின்றோம். நம் நாட்டில் இயற்கையாகச் சலமந்தர் எதுவுமில்லை. எனினும் வினா நமக்கும் உரியதே.

மெக்சிக்கோ நகரின் தெற்கேயுள்ள சொச்சிமில்கோக் கால்வாய்கள் இதன் தாயகம். வாழ்நாள் முழுவதும் பூக்களோடு நீரிலேயே வாழும் இவ்வுயிர் 1864இல் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கிருந்து உலகெங்கும் ஆய்வுகூடங்களிலும் வீடுகளிலும் பல்கிப் பெருகியது. கால்வாய்களிலோ, 1998இல் சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6,000 என்றிருந்த தொகை 2014இல் 36 ஆகச் சுருங்கிற்று. நகரத்துக் கழிவுநீரும், உணவுக்கென விடப்பட்ட கெண்டை, திலாப்பியா மீன்களும் செய்த வேலை இது.

"நாங்கள் வளர்ப்பதால் இனம் அழியாதிருக்கின்றதே" என்பர் வளர்ப்போர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. தொட்டி வழியினம் நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்தது. 1960களில் அமெரிக்க ஆய்வுகூடமொன்றில் புலிச் சலமந்தரோடும் கலக்கப்பட்டது. நிறமியற்ற வகை அவ்வாறு வந்ததே. இவற்றைக் கால்வாயில் விடுவது உதவியன்று. ஆசியாவிலிருந்து செல்லப்பிராணி வணிகத்தின் வழியே ஐரோப்பாவை அடைந்ததாகக் கருதப்படும் ஒரு பங்கசு, நெதர்லாந்தின் தீச்சலமந்தர்களை ஏறக்குறைய அழித்தொழித்தது. அப்பங்கசு இன்னதென விஞ்ஞானிகள் இனங்கண்டது 2013இல். பண்டத்தோடு நோயும் எல்லை கடக்கின்றது.

இனப்பெருக்கத்திலேதான் பொறுப்பு மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுகின்றது. ஒரு பெண் விலங்கு ஒரே முறையில் பல நூறு முட்டைகளை இடும். குஞ்சுகளுக்கு உயிருள்ள நுண்ணிய இரை வேண்டும். நெருக்கி வைத்தால் ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும். நீர் 16 முதல் 18 பாகை செல்சியசு வரை குளிர்ந்திருத்தல் நலம். பத்தாண்டுக்கு மேல் வாழும் அத்தனை உயிர்களுக்கும் இடமுண்டா? இல்லையெனில், உரு வளருமுன் முட்டைகளை உறையவைத்து அழித்தலே குறைந்த தீமை என்போம். இது கொடுமையாகத் தோன்றலாம். எனினும், பராமரிக்க அறியாதார்க்குக் குஞ்சுகளை மலிவாக விற்று, "உயிரை வாழவைத்தோம்" என மகிழ்வது அதனினும் கொடியது. அங்கே சாவு நடப்பது நம் கண்ணுக்கு மறைவில் என்பது ஒன்றே வேறுபாடு.

இந்த இனத்தை மெய்யாகக் காக்க முயல்வோர் யார்? சொச்சிமில்கோவில் சினாம்பா எனப்படும் நீர்சூழ் தோட்டங்களில் உழைக்கும் விவசாயிகள். மெக்சிக்கோ தேசிய சுயாட்சிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து, சிறு கால்வாய்களின் வாயில் வடிகள் அமைத்து மீன்களைத் தடுக்கின்றனர். இரசாயன உரத்தையும் கிருமிநாசினியையும் தவிர்த்துப் பயிரிடுகின்றனர். அவ்விளைச்சலுக்கு நகரச் சந்தை நியாயவிலை கொடுக்குமா என்பதிலேயே கால்வாய் அக்சலோட்டலின் எதிர்காலமும் தங்கியிருக்கின்றது. தொட்டியின் முன்னமர்ந்து அதன் அழகை வியப்பவர் இவ்விவசாயியைப் பற்றி ஒருநாளேனும் விசாரித்ததுண்டா?