மூன்றாமவர் வீட்டில்

இரத்தோட்டையிலிருந்து பல்லேகமவுக்குப் போகும் பஸ் நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஒரு சரிவில் ஏறி மறுசரிவில் இறங்குகிறது. ஏறும் பக்கத்தில் தேயிலை, மிளகுக் கொடி, மூடுபனி. உச்சியில் ரிவர்ஸ்டன், அங்கே காற்று ஆளைத் தள்ளும். பிறகு பிட்டவல பத்தனப் புல்வெளி, இலுக்கும்புற, வயல்கள். மழையும் வெயிலும் அந்த மலையை நடுவில் வைத்துப் பாகம் பிரித்துக்கொண்டிருக்கின்றன. மனிதரும் பெரும்பாலும் அப்படியே. இந்தப் பக்கத் தோட்டத்து லயங்களில் தமிழ். அந்தப் பக்கத்து வயலோரங்களில் சிங்களம். மாத்தளை என்ற மாவட்டம் ஒன்று, கச்சேரி ஒன்று, பஸ்ஸும் ஒன்று. ஆனால் அந்த பஸ்ஸில் ஒரே இருக்கையில் தோள் உரச உட்கார்ந்து வருகிற இருவர், இறங்கும்வரை ஒருவரையொருவர் ஊர் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும் என்று இருவரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

பல்லேகம என்றால் கீழூர் என்று பொருள். பெயரே விதியாயிற்று போலும். களு கங்கைக்குக் குறுக்கே அணை எழுந்தபோது பழைய ஊர் நீருக்கு இடம் விட வேண்டியதாயிற்று. பிரதேச செயலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடைவீதி எல்லாம் மேட்டில் புதிதாக எழுந்தன. 2018இல் அது லக்கல புதிய நகரமாகத் திறந்துவைக்கப்பட்டது. எங்கோ வறண்டு கிடந்த வயல்களின் தாகத்துக்காக ஓர் ஊர் தன் மண்ணை விட்டுக்கொடுத்தது. பிறந்த இடத்தை விட்டு எங்கும் போகாத முதியவர்களும் அங்கே ஊர் மாறியவர்கள்தாம். ஆகவே ‘ஊர்’ என்ற சொல்லை அந்த நீர்த்தேக்கக் கரையில் நின்று சொல்லும்போது நாக்கு சற்றுத் தயங்குகிறது. ஊர் என்பது மண்ணா, மண்ணின் மேலிருந்த மனிதரா, அல்லது அவர்களை நாம் நினைவில் வைத்திருக்கும் விதமா?

மலையின் இரு பக்கத்துப் பிள்ளைகளும் இன்று வெளிநாடு போகிறார்கள். மொழிப் பரீட்சை எழுதிக் கொரியாவுக்கு, தொழில்நுட்பப் பயிற்சிக்கென்று ஜப்பானுக்கு, படிப்புக்கு, பராமரிப்பு வேலைக்கு. அவர்களில் இருவரை மனக்கண்ணில் நிறுத்துவோம்; பெயர் வேண்டாம். வேலைத்தலம் ஒதுக்கிய அறை ஒன்று. இரவு பத்து மணி. குக்கரில் சோறு வெந்து ஆவி கிளம்புகிறது. ஒருவன் பையில் வந்த உலர்ந்த தேங்காய்ப்பூவை ஒரு கிண்ணத்தில் கொட்டி, வெந்நீர் தெளித்து, ஊறட்டும் என்று காத்திருக்கிறான். திருவலையும் முற்றிய தேங்காயும் இல்லாத நாட்டில் சம்பல் இப்படித்தான் பிறக்கும். மிளகாய்த்தூள், வெங்காயம், உப்பு, சிறிது மாசி. இங்கே புளி எலுமிச்சைதான். அவன் விரல்களால் பிசைகிற தினுசைப் பார்த்து அறைக்குப் புதிதாக வந்தவன் கேட்கிறான்: “கம கொஹேத?” ஊர் எது?

“மாத்தளை.”

“நானும் மாத்தளைதான். எந்தப் பக்கம்?”

ஒருவன் மலைக்கு இந்தப் பக்கம். மற்றவன் அந்தப் பக்கம். இருவரும் ஏறியது ஒரே பஸ். ரிவர்ஸ்டனில் ஜன்னலை இழுத்து மூட இருவருமே பட்ட பாடு ஒன்று. இருபது வருடமாக நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ள, கடல் கடந்த ஒரு சமையலறை தேவைப்பட்டிருக்கிறது. சோறு ஆறிப்போகும் வரை அவர்கள் பேசுகிறார்கள். நமக்கு மட்டும் அந்தச் சம்பலின் காரம் தொண்டையில் நின்றுவிடுகிறது. ஏன் இவ்வளவு தூரம்? பக்கத்தில் இருந்தவனைப் பார்க்க ஏன் இத்தனை பெரிய சுற்று?

இக்கேள்வி நம் தீவுக்கு மட்டும் உரியதன்று. 2007இல் ஈராக்கின் இளைஞர்களை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லும் ஒரு பரிமாற்றத் திட்டம் தொடங்கியது. மாணவர்கள் சில வாரங்கள் அமெரிக்கக் குடும்பங்களோடு தங்கினார்கள், வகுப்புகளுக்குப் போனார்கள், ஊர்த் தொண்டு செய்தார்கள். அவர்கள் அமெரிக்காவைப் பார்க்கப் போனவர்கள். பார்க்கவும் செய்தார்கள். ஆனால் பஸ்ராவின் அரபுப் பிள்ளையும் எர்பிலின் குர்துப் பிள்ளையும், ஷியாவும் சுன்னியும், கிறிஸ்தவரும் யஸீதியும், ஒரே குழுவாக ஒரே மேசையில் அமரும் வாய்ப்பு அவர்களுக்கு அந்த அயல்நாட்டில்தான் அமைந்தது. தங்கள் நாட்டில் அவர்களுக்கு நடுவே பாதைத் தடைகளும், பெயரைக் கேட்டே பிரிவை அளக்கும் அச்சமும், ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத ஊமைத்தனமும் இருந்தன. அதே 2007ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் பக்தாதின் அதமியாப் பகுதியைச் சுற்றி, ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு, பன்னிரண்டு அடி உயரக் கொங்கிரீட் மதிலை அமெரிக்கப் படை எழுப்பத் தொடங்கியது. ஒரு கை அங்கே மதிலை நிறுத்தியது. அதே உடலின் மறு கை இங்கே விருந்து மேசையை விரித்தது. வரலாறு நமக்குத் தரும் வரவேற்புகளில் களங்கமற்றது என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. கிடைத்த மேசையில் நாம் யாரைச் சந்தித்தோம் என்பதே பிறகு நம்மிடம் கேட்கப்படும் கணக்கு.

மூன்றாமவர் வீட்டில் அப்படி என்ன இருக்கிறது? வசதி என்று சொல்லலாம், சுதந்திரம் என்று சொல்லலாம். இரண்டும் உண்மை, இரண்டும் போதாது. அந்த வீட்டின் முதல் கொடை, வீட்டுக்காரரின் அறியாமை. அவருக்கு நம் பெயரின் முடிவில் ஒளிந்திருக்கும் சாதி தெரியாது. நம் உச்சரிப்பில் தெரியும் மாவட்டம் தெரியாது. எந்தத் தெருவில் பிறந்தவன் எந்தத் தெருக்காரனோடு பேசக்கூடாது என்ற நுணுக்கமும் தெரியாது. “நீங்கள் இலங்கையரா?” என்று இருவரையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறார். நூறு ஆண்டுகளாக நாம் உழைத்துச் செதுக்கிய வேறுபாடுகள் அந்த ஒரு கேள்வியின் முன் கண்ணுக்குத் தெரியாத தூசாகிவிடுகின்றன. முதலில் நமக்குக் கோபம் வருகிறது; இவருக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று. பிறகு சிறிது வெட்கம் வருகிறது. நமக்கு இவ்வளவு தெரிந்து என்ன ஆயிற்று என்று.

இரண்டாவது கொடை அவருடைய கேள்வி. “உங்கள் நாடு எப்படி இருக்கும்?” என்று அவர் ஆர்வத்தோடு கேட்கும்போது, தன் தெருவை மட்டும் அறிந்த பிள்ளை திகைத்து நிற்கிறான். பஸ்ராவின் பிள்ளை எர்பிலின் மலைகளுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பிள்ளை பல்லேகமவின் வயலுக்கும், பல்லேகமவின் பிள்ளை தோட்டத்து லயத்துக்கும் சேர்த்துப் பேச வேண்டும். அந்த லயத்தில் எத்தனை குடும்பங்கள் ஒரு கூரையின் கீழ் இருக்கின்றன, கொழுந்துக்கூடை எப்போது கனக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. களு கங்கை நீரில் எந்த ஊர் மறைந்தது என்று இவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல நாக்கு கூசும் அந்தக் கணத்தில்தான் ஒருவன் முதன்முறையாகத் தன் நாடு முழுவதற்கும் பொறுப்பாகிறான். பாஸ்போர்ட் வந்து பல மாதங்களுக்குப் பிறகு, ஓர் அந்நியரின் சாப்பாட்டு மேசையில், அவன் குடிமகனாகிறான்.

ஆனால் இவையெல்லாம் போகும் வழியின் பாடங்கள். திரும்பும் வழிதான் பரீட்சை. அந்த வழிக்கு மாத்தளையே ஒரு பழைய சாட்சி.

1893இல் அமெரிக்காவுக்குப் போன முப்பது வயதுத் துறவி ஒருவர் அங்கே பணமில்லாமல், அறிமுகமில்லாமல், குளிரில் தவித்தார். அந்நியர் சிலரின் கனிவால் சிக்காகோ மேடையை அடைந்தார். மேடையும் கைதட்டலும் உலகம் அறிந்த கதை. அதற்கு முன்பே, அங்கே பெண் கைதிகளைத் திருத்தும் சிறைச்சாலை ஒன்றைப் போய்ப் பார்த்து, குற்றவாளியையும் மனிதராக நடத்துகிறார்களே என்று வியந்து, தன் நாட்டின் ஏழைகளையும் ஒடுக்கப்பட்டோரையும் நாம் நடத்தும் விதத்தை நினைத்து நெஞ்சு வலிக்கச் சென்னை நண்பருக்குக் கடிதம் எழுதினார் விவேகானந்தர். அயல்நாடு அவருக்கு அதிகம் காட்டியது தன் வாசலில் கிடந்தவர்களைத்தான்.

1897 ஜனவரி 15இல் கொழும்பில் கரையிறங்கியவர் கண்டி வழியாக மாத்தளைக்கு வந்து ஓர் இரவு தங்கினார். இருப்புப்பாதை அங்கே முடிகிறது, அன்றும் அப்படியே. அப்பால் யாழ்ப்பாணம்வரை குதிரை வண்டிதான். தம்புள்ளையைத் தாண்டிச் சில மைல் போனதும் ஓர் இறக்கத்தில் வண்டியின் சக்கரம் உடைந்தது. நடுவழியில் மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். அநுராதபுரத்தில் அரசமரத்தடியில் அவர் பேசப் பேச, தமிழிலும் சிங்களத்திலும் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். ஆனால் ஒரு கூட்டம் மேளமும் சேகண்டியும் கொட்டி அந்தப் பேச்சை மூழ்கடித்தது. அங்கிருந்த இந்துக்களிடம் பொறுமை காக்கச் சொல்லிவிட்டு அவர் பேச்சை முடித்துக்கொண்டார். ஏழாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டிய அயல்நாட்டு அரங்கம் ஒரு பக்கம். இரண்டு மொழிகளில் சொல்லியும் கேட்கப்படாத அரசமரத்தடி மறுபக்கம். கடலைத் தாண்டியவரின் சக்கரம் உள்ளூர்ச் சாலையில் உடைந்ததும், உலகம் கேட்ட குரல் உள்ளூர் இரைச்சலில் அடங்கியதும் வெறும் தற்செயலாக இருக்கலாம். ஆனால் திரும்பி வரும் ஒவ்வொருவரும் தத்தம் அளவில் அந்த மூன்று மணி நேரத்தையும் அந்த இரைச்சலையும் சந்திக்கவே செய்கிறார்கள்.

அந்தச் சாலைக்கு இன்னொரு நினைவும் உண்டு. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு வரும் வழியாக அதில்தான் கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள் காட்டையும் காய்ச்சலையும் கடந்து நடந்து வந்தார்கள். வழியிலேயே விழுந்தவர்கள் பலர். 2023இல், அந்த வருகையின் இருநூறாம் ஆண்டை நினைத்து, அவர்களின் பேரப்பிள்ளைகள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மறுபடி நடந்தார்கள். மூன்றாமவர் வீட்டில் விருந்தாளியாக இருந்து வந்த அனுபவம் நமக்குப் புதிது என்று எண்ணினால் அது பிழை. இந்த மண்ணில் வந்தவர்களாகவே நெடுங்காலம் எண்ணப்பட்ட ஒரு மக்கள் நம் நடுவே இருக்கிறார்கள். அவர்கள் விருந்தாளிகளுமல்லர், இது அவர்களுக்கு மூன்றாமவர் வீடுமன்று.

திரும்பி வந்த பிள்ளைகளை மறுபடி நினைப்போம். ஒரே கிண்ணத்தில் சம்பல் பிசைந்து சாப்பிட்டவர்கள் கட்டுநாயக்காவில் இறங்கி, தோளில் தட்டிப் பிரிகிறார்கள். ஊர் வந்ததும் மலை மறுபடி நடுவில் நிற்கிறது. சுற்றத்தாரின் பேச்சு பழைய பேச்சு. அயல்நாட்டில் தெரியாமல் போயிருந்த பெயரின் வால்கள் எல்லாம் மறுபடி முளைக்கின்றன. மாதம் ஒன்று கழிவதற்குள் தொலைபேசி அழைப்புகள் அருகுகின்றன. யாரும் யாரையும் வெறுக்கவில்லை; பழக்கம் மட்டும் தன் வேலையைச் செய்கிறது. வெறுப்பை எதிர்த்து நிற்க வீரம் போதும். பழக்கத்தை எதிர்த்து நிற்க ஒவ்வொரு நாளும் தூங்காத ஒரு விழிப்பு வேண்டும்.

அப்படியானால் வெளிநாட்டுப் பயிற்சி எதைப் பயிற்றுகிறது? இயந்திரத்தையும் மொழியையும் நேரம் தவறாமையையும் பயிற்றுகிறது. அவை கைக்கு உரியவை, காலத்தோடு பழையனவாகும். ஆனால் அதன் அடியில், யாரும் பாடத்திட்டத்தில் எழுதாத ஒரு பாடம் இருக்கிறது: மனிதனை அறிவதற்கு அவனைப் பற்றி நாம் ஏற்கெனவே அறிந்ததாக எண்ணியிருப்பதைச் சிறிது நேரமாவது மறக்க வேண்டியிருக்கிறது, அந்த மறதியை அயலூரில் சூழ்நிலை நமக்கு இலவசமாகத் தருகிறது, சொந்த ஊரிலோ நாமே முயன்று, வலிந்து, நாள்தோறும் அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனெனில் அறிவு என்று நாம் மதித்துப் போற்றுகிறவற்றுள் ஒரு பெரும்பகுதி, நேரில் கேட்டறியும் சிரமத்திலிருந்து தப்பிக்க நம் முன்னோரும் நாமும் சேர்ந்து கட்டிவைத்த மதில், அதற்குக் கொங்கிரீட்டும் தேவைப்பட்டதில்லை, படையும் தேவைப்பட்டதில்லை. அந்நியர் வீட்டில் விருந்தாளியாக இருந்தவன் ஊருக்குக் கொண்டுவரத்தக்க பொருள் ஒன்றுதான்: தன்னை ஒன்றும் அறியாதவர்போல் ஒருவர் அன்று வாசலில் நின்று ஊர் கேட்டாரே, அதே வெறுமையான, திறந்த, அவமானமற்ற கேள்வி.

பழைய பல்லேகமவின் நிலம் நீருக்கடியில் இருக்கிறது. பெயர் மேட்டுக்கு வந்துவிட்டது, மனிதரும் வந்துவிட்டார்கள். மண் போன பிறகும் ஓர் ஊர் மிஞ்சுமென்றால், அது ஒருவர் மற்றவரை விசாரிக்கும் குரலில்தான் மிஞ்சும். இரத்தோட்டையிலிருந்து பஸ் இன்றும் ஏறுகிறது. ரிவர்ஸ்டனில் காற்று அடிக்கும். பக்கத்து இருக்கைக்காரரும் நாமும் சேர்ந்துதான் ஜன்னலை இழுத்து மூட வேண்டியிருக்கும். மூடிய பிறகு சற்று அமைதி வரும். அப்போது கேட்டுவிடலாம்.

“கம கொஹேத?”