சோக்கிரட்டீஸ் சொல்லாத விலை

ஒரே றெயில், ஒரே பெட்டி, அருகருகே இரண்டு ஆசனங்கள். பாரிசிலிருந்து லியோனுக்கோ பொர்தோவுக்கோ போகும் இருவர் அவற்றில் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் இரண்டு மாதங்களுக்கு முன்பே ரிக்கற் எடுத்தவர். மற்றவர் நேற்றிரவு எடுத்தவர். பின்னவர் முன்னவரைவிட மூன்று மடங்கு கொடுத்திருக்கவும் கூடும். பிரான்சில் வாழும் நாம் இதை ஒரு தந்திரப் பிரச்சினையாகவே பார்க்கப் பழகிவிட்டோம். எப்போது எடுத்தால் மலிவு, எந்த அட்டைக்கு எவ்வளவு கழிவு என்று குசினிக்குள் கோப்பை கழுவியபடியே பேசிக்கொள்கிறோம். அந்தப் பேச்சு அவசியமானதுதான். ஆயினும் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. ஒரே பயணத்துக்கு ஆளுக்கொரு விலை என்பது நியாயமா? மலிவாகப் பெற்றவர், கூடக் கொடுத்தவருக்கு ஏதாவது வகையில் கடமைப்பட்டவரா?

நாம் அறிந்து வளர்ந்த றெயிலில் இக்கேள்விக்கு இடமிருக்கவில்லை. 1956 இல் ஓடத் தொடங்கி 1990 யூனில் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்றுபோன யாழ்தேவியில், தூரமும் வகுப்புமே கட்டணத்தைத் தீர்மானித்தன. செத்தவீட்டுக்கு ஓடுபவருக்கும் கல்யாணத்துக்குப் போகிறவருக்கும் அதே தடித்த மட்டைச் சீட்டுத்தான், அதே விலைதான். அங்கு எல்லாம் நியாயமாக நடந்தது என்பதல்ல. யன்னலால் லேஞ்சியை எறிந்து இடம்பிடிக்கத் தெரிந்தவன் இருந்தான், தெரியாதவன் கொழும்புவரை நின்றான். ஆனால் விலை ஊரறிந்ததாக இருந்தது. அது ஏன் அவ்வளவு என்று கேட்டால் ஸ்ரேசன் மாஸ்ரரிடம் ஒரு பதிலும் இருந்தது.

பிரான்சிலும் நெடுங்காலம் கிலோமீற்றர் கணக்கே கட்டணத்தின் அடிப்படையாக இருந்தது. 1993 இல், கார் டு நோரிலிருந்து வடக்கு நோக்கித் தெ-ஜே-வே ஓடத் தொடங்கிய அதே வருடத்தில், பிரெஞ்சு றெயில்வே ஒரு புதிய கணினி முறையைக் கொண்டுவந்தது. அமெரிக்கன் எயர்லைன்ஸ் விமான நிறுவனத்தின் சேபர் முறையிலிருந்து பெறப்பட்ட தொழில்நுட்பம் அது. ஆசனங்கள் நிரம்பும் விதத்தைப் பார்த்து, ஒரே வண்டிக்குள் பல விலைகளை வைத்து விற்பது அதன் வேலை. மக்கள் குழம்பினார்கள், கோபித்தார்கள். அந்த முறைக்குச் சூட்டப்பட்ட சுருக்கப் பெயர் 'சோக்ராத்'. அதாவது சோக்கிரட்டீஸ். ஏதென்சின் சந்தையில் வருவோர் போவோரை மறித்துக் காரணம் கேட்டவரின் பெயரை, காரணம் சொல்லாமல் விலை சொல்லும் இயந்திரத்துக்கு வைத்தார்கள்.

இந்த முறைக்கு ஆதரவான வாதம் பலவீனமானதல்ல. வெறுமையாகப் போகும் ஆசனத்தால் எவருக்கும் பயனில்லை. அதைப் பத்து யூரோவுக்கு விற்றால் பயணமே போக முடியாத ஒருவர் போகிறார். 2013 இல் வந்த உய்கோ மலிவு றெயில் அப்படித்தான் பத்து யூரோவிலிருந்து விற்கத் தொடங்கியது. வசதியுள்ளவன் கூடக் கொடுக்கட்டும், இல்லாதவன் குறையக் கொடுக்கட்டும் என்பது கேட்பதற்கு நீதியாகவே தெரிகிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தை 1849 இலேயே எழுதியவர் ஜூல் டுப்புயி என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர். அக்காலத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றுக்குக் கூரை இருக்கவில்லை. கூரை போடுவது பெரிய செலவல்ல. ஏழையை நனையவைப்பதும் கம்பனியின் நோக்கமல்ல. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவன் மூன்றாம் வகுப்புக்கு இறங்கிவிடாமல் பயமுறுத்துவதே நோக்கம் என்று அவர் விளக்கினார். யாழ்தேவி ஓடத் தொடங்கிய அதே 1956 இல் பிரான்சில் மூன்றாம் வகுப்பு ஒழிந்தது. பாரிஸ் மெற்றோவில் முதலாம் வகுப்பு 1991 இல் ஒழிந்தது. ஆட்களைப் பிரிக்கும் தேவை மட்டும் ஒழியவில்லை. முன்பு கூரையால் பிரித்ததை இன்று நாட்காட்டியால் பிரிக்கிறார்கள்.

இங்குதான் வாதம் இடறுகிறது. இயந்திரத்துக்கு எமது பணப்பை தெரியாது. எமக்கு நாளைய தினம் தெரியுமா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. இரண்டு மாதத்துக்குப் பிந்திய ஒரு செவ்வாய்க்கிழமை தனக்கு லீவு என்று இன்றே சொல்லக்கூடியவர் யார்? நிரந்தர வேலையும் முறையான லீவும் உள்ளவர். சாப்பாட்டுக் கடையில் நிற்பவருக்கு நாளை மறுநாள் ஓய்வு என்பது இன்றிரவு கடை பூட்டும்போது சொல்லப்படுகிறது. 2019 இல் 49 யூரோவுக்கு வந்த கழிவு அட்டையை எடுத்துக்கொள்வோம். முப்பது வீதக் கழிவு நல்லதுதான். ஆனால் வேலை செய்யும் வயதினருக்கான அட்டை பிரதானமாக வார இறுதிப் பயணங்களையே கணக்கில் கொண்டது. சனியும் ஞாயிறும் குசினியில் நிற்பவருக்கு அதனால் என்ன பயன்? அகதி விண்ணப்பம் செய்து, தொலைவிலுள்ள ஒரு நகரத்தில் தங்கவைக்கப்பட்டிருக்கும் தனி ஆளுக்கு 2015 இல் வந்த உதவித்தொகை நாளொன்றுக்கு 6.80 யூரோ. பாரிசுக்கு வரும் அவசரத்தில் அவர் கடைசி நேரத்தில் ரிக்கற் எடுத்தால், பல நாட்களின் சீவியம் ஒரு பயணத்தில் போய்விடும். செத்தவீட்டுச் செய்தி கேட்டு ஓடுபவருக்கும் இதுதான் கதி. ஆக, கூடக் கொடுப்பவர் வசதியானவர் என்பது பாதி உண்மை. கொம்பனிச் செலவில் போகும் மனேச்சரும் கண்ணீரோடு போகும் கோப்பை கழுவுபவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள்.

ஆளுக்கொரு விலை எமக்குப் புதிதுமல்ல. எம்மை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த ஒரே லொறிக்குள், ஒரே வள்ளத்துக்குள் இருந்தவர்கள் ஏஜென்சிக்கு வெவ்வேறு தொகை கொடுத்திருந்தார்கள். யாருக்கு அவசரம் கூடவோ, யாருக்கு விபரம் குறைவோ, அவரே கூடக் கொடுத்தவர். இங்கு வந்தபின் நாம் பிடிக்கும் ஏலச்சீட்டிலும் அவசரக்காரன்தான் பெரிய கழிவில் எடுக்கிறான். மகளின் கல்யாணமோ தம்பியின் பயணமோ நெருங்கிவிட்டதால் அவன் விட்டுக்கொடுத்த காசு, பொறுத்திருக்கக்கூடிய மற்றவர்களுக்குப் பங்காகிறது. இயந்திரத்தைக் குறைசொல்லும் நாம் இதையும் பார்க்க வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. சீட்டில் யார் எவ்வளவு கழித்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் முகம் தெரியும். தாச்சியிடம் சண்டை பிடிக்கலாம், 'இந்தமுறை அவனுக்கு விடுவம்' என்று கூடிப் பேசவும் செய்யலாம். றெயிலில் எமது மலிவுக்காகக் கூடக் கொடுத்தவர் யாரென்று நாம் அறியமாட்டோம்.

எனவே, எல்லோருக்கும் ஒரே விலை என்பதுதான் நீதி என்று நாம் முடிவுகட்டவில்லை. 2015 செப்ரெம்பரில் பாரிஸ் பிராந்தியத்தின் மாதாந்த நவிகோ அட்டை எல்லா வலயங்களுக்கும் 70 யூரோவாக ஒன்றாக்கப்பட்டது. அதற்கு முன் தொலைவான புறநகரில் இருந்தவர் நூறு யூரோவுக்கு மேல் கொடுத்தார். வாடகை கட்டுபடியாகாமல் புறநகருக்குப் போய், வேலைக்கு மட்டும் பாரிசுக்கு வரும் எம்மவருக்கு அது பெரிய ஆறுதல். அங்கும் ஒருவருக்காக இன்னொருவர் கொடுக்கிறார். நகருக்குள் இருப்பவர் தூரத்தில் இருப்பவரைத் தாங்குகிறார். பின்னர் விலை ஏறி, 2025 சனவரியில் 88.80 யூரோவானது. ஆனால் இவையெல்லாம் வாதாடி, வாக்கெடுத்துச் செய்யப்பட்டவை. அட்டையின் பாதியை முதலாளி கொடுக்க வேண்டும் என்பது 1982 இலிருந்து இப்பிராந்தியத்தில் சட்டம். சம்பளத்துண்டு இல்லாமல் வேலை செய்பவருக்கு அந்தப் பாதி கிடைப்பதில்லை. குறைந்த சம்பளக்காரரே முழு விலையும் கொடுக்கிறார் என்று அந்த அநீதியைப் பெயர் சொல்லிச் சுட்டவாவது முடிகிறது.

இதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. விசா இல்லாதோருக்கான அரச மருத்துவ உதவி பெறுபவர்களுக்கு இருந்த போக்குவரத்துக் கழிவைப் பாரிஸ் பிராந்திய நிர்வாகம் 2016 இல் நிறுத்தியது. வழக்குப் போடப்பட்டது. 2018 சனவரியில் நிர்வாக நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. அதே ஆண்டு யூலையில் மேன்முறையீடும் தோற்றது. கழிவுக்குச் சட்டம் பார்ப்பது வருமானத்தையே அன்றி விசாவை அல்ல என்பதே காரணம். விலைக்கு ஒரு காரணம் எழுதப்பட்டிருந்தபடியால்தான் விசா இல்லாதவர்களின் சார்பிலும் நீதிமன்றத்தில் நின்று அந்தக் காரணத்தைக் கேட்க முடிந்தது. நேற்றைய விலை இன்று ஏன் இரட்டித்தது என்று கேட்டு எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

ஸ்டாலின்கிராட் மெற்றோவில் இறங்கினால் தெரியும் வட்டக் கட்டடம், லுடு என்ற கட்டடக் கலைஞர் 1780களில் கட்டிய சுங்கச்சாவடி. பாரிசுக்குள் வரும் பொருட்களுக்கு வரி வாங்க ஒரு மதிலே எழுப்பினார்கள். லா சப்பலுக்கு மேலால் ஓடும் இரண்டாம் இலக்க மெற்றோ அந்த மதிலின் வழியேதான் போகிறது. 1789 யூலையில், பஸ்தீய் சிறை விழுவதற்கு முன்பே, மக்கள் சாவடிகள் பலவற்றுக்குத் தீ வைத்தார்கள். எங்கே, எதற்கு வாங்குகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. கணினிக்குள் இருக்கும் சாவடிக்கு அப்படியொரு இடமில்லை.

மலிவு ரிக்கற் எடுப்பது பாவமல்ல. எடுக்காமல் விடுவதால் கூடக் கொடுத்தவருக்கு ஒரு சதமும் திரும்பப் போவதில்லை. நாம் கடன்பட்டிருப்பது இரண்டு விடயங்களில். முதலாவது, எமக்குத் தெரிந்த விபரத்தை விற்காமல் கொடுப்பது. விற்பனை மாதக்கணக்கில் முன்பே திறக்கும் என்பது, 2022 இலிருந்து பழைய பாதையில் மெதுவாக ஓடும் மலிவு றெயில் உண்டு என்பது, பிராந்திய றெயில்களின் விலை பொதுவாக வாங்கும் நாளைப் பொறுத்து ஏறுவதில்லை என்பது, 2015 இலிருந்து நாடெங்கும் தூர பஸ்கள் ஓடுகின்றன என்பது, இவையெல்லாம் புதிதாக வந்த ஒருவருக்குப் பெரிய காசு. படிவம் நிரப்பவும் ரிக்கற் எடுக்கவும் எம்மவரிடமே காசு வாங்கும் எம்மவர் இருக்கிறார்கள் என்பது வெட்கத்துக்குரியது. இரண்டாவது, தந்திரம் தெரிந்தவுடன் கேள்வியைக் கைவிடாமல் இருப்பது. வெளிக்கிடும் நாளைத் தானே தீர்மானிக்க முடியாதவர்கள் ஏன் கூடக் கொடுக்க வேண்டும் என்று, சங்கக் கூட்டங்களிலும் தேர்தல் காலத்திலும் வாக்குரிமை உள்ளவர்கள் கேட்கலாம். வாக்குரிமை இல்லாதவர்களும் கேட்கலாம். கேட்பதற்கு விசா தேவையில்லை.