எடுத்தலும் வைத்தலும்

சமணத்தில் இல்லறத்தாருக்கு விதித்த நோன்புகள் ஐந்து. கடைசி நோன்பு, மிகுபொருள் விரும்பாமை. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்று நான்கு தானங்களையும் அதே மரபுதான் சொல்கிறது. வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமண நயினார் குடும்பத்தில் பிறந்து, அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கும் எனக்கு இவை இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கொடுப்பதற்கு முதலில் சேர்த்து வைத்திருக்க வேண்டுமே! யார் வருவார் என்று தெரியாமல், வருவாரா என்பதே தெரியாமல் சேர்த்து வைப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நான் சொல்வது எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையைப் பற்றி. ஊசி குத்திக்கொண்ட செவிலியருக்கும், குப்பைப் பையில் கிடந்த ஊசி கையில் ஏறிய தூய்மைப் பணியாளருக்கும், வன்கொடுமைக்கு ஆளாகி வரும் பெண்ணுக்கும் அதுதான். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். முதல் மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட்டால் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் தொடங்கிப் பயனில்லை. தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான் தொற்றும் என்பார்கள். குத்திக்கொண்டவருக்கு அந்தக் கணக்கு காதில் ஏறாது.

30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டிய மருந்து இது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை சித்திரை வெயிலில் அதற்கு ஆகாது. ஃப்ரிட்ஜும் வேண்டாம், அங்கே ஈரம். வெள்ளை டப்பாவைத் திறந்தால் மூடிக்கு அடியில் ஒரு சீல், உள்ளே மாத்திரைகளோடு சிறிய சிலிக்கா ஜெல் பை. குப்பை என்று பலரும் முதலில் தூக்கிப் போடுவது அந்தப் பையைத்தான். ஈரத்தை உறிஞ்சி மாத்திரையைக் காப்பாற்றுவதே அதுதான். காகிதக் கவரில் கொட்டிக் கொடுக்கும் வழக்கத்தையும் இதற்கு மட்டும் நான் அனுமதிப்பதில்லை.

அந்தி சாயுமுன் உண்டு முடித்துவிடும் என் பெரியப்பா ஒருநாள் கேட்டார்: “வாங்கினது அரசாங்கம், வாங்கிக்கப் போறவங்க யாரோ. நீ சம்பளத்துக்கு அடுக்கி வைக்கிற. இதுல உன் தானம் எங்கம்மா இருக்கு?” தானம் இல்லை பெரியப்பா என்றேன். ஆனால் துறவிகளுக்குச் சொன்ன ஐந்து சமிதிகளில் ஒன்று, பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் கவனமாக இருப்பது. கமண்டலத்தைத் தரையில் வைப்பதானாலும், சிற்றுயிர் ஏதும் நசுங்காதபடி பார்த்து வைக்க வேண்டும். ஒரு பொருளை வைக்கிற விதத்தில் ஓர் உயிர் பிழைக்கும் அல்லது மடியும் என்று அத்தனை நுட்பமாக யோசித்தவர்கள் நம் முன்னோர். என் வேலைக்கு வேறு இலக்கணம் எனக்குத் தேவைப்படவில்லை.

ஆகவே பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவமனையில் இந்த டப்பாக்கள் ஸ்டோரில் வெகு பத்திரமாக இருந்தன. நள்ளிரவில் ஊசி குத்திக்கொண்ட ஒரு பயிற்சிச் செவிலியர், சாவி வைத்திருந்தவர் காலையில் வரும்வரை அழுதுகொண்டே காத்திருந்தார். அந்தக் கடைசி நோன்பு விலக்கச் சொல்லும் பரிக்கிரகத்தைப் பொருளின் அளவைக் கொண்டு சொல்லாமல், அதன்மேல் வைக்கும் பற்றைக் கொண்டே உமாசுவாதி தத்துவார்த்த சூத்திரத்தில் விளக்குகிறார். இருப்புக் கணக்கு குறையக் கூடாது என்ற கவலைகூட அந்தப் பற்றுதான். பணியிடத்தில் இந்த ஆபத்து உள்ளவர்களுக்கு இம்மருந்து கிடைக்கச் செய்வது நிறுவனத்தின் கடமை என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. எங்கள் மருத்துவமனையில் அது அவசரப் பிரிவில், இரவுப் பணியில் இருக்கும் யாரும் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கிறது.

காலாவதிக்குச் சில மாதங்கள் இருக்கும்போதே அந்த டப்பாக்களை எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கொடுத்துவிட்டு, புதியதை வைத்துவிடுவேன். அங்கே இதே மாத்திரையைத் தினமும் உட்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வீணாவதில்லை.

மூத்த மருத்துவர் ஒருவர் தனக்கென்று ஒரு டப்பா கேட்டார், வீட்டில் இருக்கட்டுமே என்று. அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. தினமும் கத்தியோடும் ஊசியோடும் வேலை செய்கிறவர். ஆனாலும் தரவில்லை. அவசரப் பிரிவில் இருக்கும்வரை அது அவருக்கும் கிடைக்கும், நேற்று வேலைக்குச் சேர்ந்த தூய்மைப் பணியாளருக்கும் கிடைக்கும் என்றேன். அவருக்கு வருத்தம்தான்.