இல்லறத்தில் நம்பிக்கையும் அந்தரங்கமும்

திருமணச் சடங்கில் மணமக்கள் எடுத்து வைக்கும் ஏழடிகளுள் ஏழாவது அடி நட்புக்கு உரியது. உணவு, வலிமை, செல்வம், மக்கட்பேறு முதலியவற்றை வேண்டி வரும் மணமகன், இறுதி அடியில் மணமகளைத் தன் தோழியாக இருக்குமாறு வேண்டுகிறான். மற்றவையெல்லாம் வந்து சேர்ந்த பின்னும் இந்த ஒன்று வாய்க்காத குடும்பங்கள் உண்டு.

அந்த நட்பு இன்று பெரிதும் சோதனைக்கு உள்ளாகும் இடம் கைபேசி. கணவன் நீராடச் சென்ற நேரத்தில் அவனது கைபேசியை எடுத்துப் பார்க்கிறாள் மனைவி. மனைவி உறங்கிய பின் அவளுக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறான் கணவன். இவர்களைத் தீயவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் சரியன்று. முன்பு ஒருமுறை ஏமாற்றப்பட்டவர்கள் இவர்களுள் பலர். ‘மறைக்க ஒன்றுமில்லை என்றால் கடவுச்சொல் எதற்கு?’ என்னும் கேள்வி உண்மையான வேதனையிலிருந்து பிறக்கிறது. ‘எனக்கென்று ஓர் அந்தரங்கம் கூடாதா?’ என்னும் எதிர்க்கேள்வியும் பொருளற்றதன்று.

நாட்டின் நீதிமன்றங்களும் இவ்விரு கேள்விகளையும் ஆராய்ந்துள்ளன. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கைபேசியின் கடவுச்சொல்லைத் தருமாறு மனைவியைக் கணவன் வற்புறுத்த முடியாது என்று சத்தீஸ்கர் உயர் நீதிமன்றம் 2025-இல் கூறியது. அதே ஆண்டு ஜூலை 14 அன்று, பஞ்சாபிலிருந்து வந்த மணவிலக்கு வழக்கு ஒன்றில், மனைவி அறியாமல் கணவன் பதிவு செய்த தொலைபேசி உரையாடல்களைச் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. தம்பதியர் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டதென்றால் அதுவே உறவு முறிந்துவிட்டதன் அறிகுறி என்றும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது. நீதிமன்றத்துக்குத் தேவை சான்று. பிரிந்துபோகத் துணிந்தவர்களுக்கு அது உதவும். சேர்ந்து வாழ விரும்புகிறவர்களின் தேவை வேறு.

சீதாபிராட்டியின் தூய்மைக்கு அக்கினி தேவனே சான்று கூறினான். அதன் பின்னும் அயோத்தி மக்களின் வாய் அடங்கவில்லை என்கிறது உத்தர காண்டம். தீக்குளித்துக் காட்டிய சான்றே ஐயத்தைத் தீர்க்காதபோது, கைபேசித் திரை எதைத் தீர்த்துவிடும்? இன்று தேடியதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், ‘அழித்திருப்பாரோ?’ என்ற எண்ணம் நாளை எழுகிறது. பார்க்கப் பார்க்கப் பசி வளர்கிறது.

அப்படியானால் எந்தக் காரணத்தாலும் பிறர் அந்தரங்கத்தினுள் நுழையக் கூடாதா? மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் இதற்கு நெருக்கமான ஒரு நிகழ்ச்சி வருகிறது. பாண்டவருள் ஒருவர் திரௌபதியுடன் தனித்திருக்கும்போது மற்றவர் உள்ளே செல்லலாகாது. மீறினால் வனவாசம் ஏற்க வேண்டும் என்று, நாரதரின் அறிவுரைப்படி ஐவரும் ஒரு நியமம் செய்துகொண்டனர். ஒருநாள் திருடர்கள் தன் பசுக்களைக் கவர்ந்து சென்றதாக ஓர் அந்தணன் அரண்மனை வாயிலில் வந்து அலறினான். ஆயுதங்கள் இருந்த அறையில் தருமரும் திரௌபதியும் இருந்தனர். அர்ஜுனன் தயங்கினான், பின்னர் உள்ளே சென்று வில்லை எடுத்துக்கொண்டு போய்ப் பசுக்களை மீட்டான். திரும்பியதும் அண்ணனிடம் வனம் செல்ல விடை கேட்டான். ‘இதில் குற்றம் இல்லை’ என்றார் தருமர். தருமத்தில் சாக்குப்போக்கு கூடாது என்று சொல்லிவிட்டு அர்ஜுனன் புறப்பட்டான்.

அவன் நுழைந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. ஆயினும் ஒளிந்து நுழையவில்லை. நுழைந்ததற்கான விலையைத் தானே கொடுத்தான். திருட்டுத்தனமாகக் கைபேசியைப் பார்ப்பவர் செய்வது இதற்கு நேர் எதிரானது. கண்டதை மனத்தில் வைத்துப் பொருமி, தக்க சமயத்தில் ஆயுதமாக எடுத்து வீசுகிறார். ஐயம் தாங்க முடியாததாகிவிட்டால், எதிரே அமர்ந்து ‘எனக்கு இந்தச் சந்தேகம் இருக்கிறது, என்னால் உறங்க முடியவில்லை’ என்று கேட்பதே நேர்மை. கேட்பதற்குத் துணிவு வேண்டும். வேவு பார்க்க அது வேண்டியதில்லை.

துரோகம் செய்தவரின் நிலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பொய் வெளிப்பட்ட மறுநாளே ‘என் அந்தரங்கத்தில் தலையிடாதே’ என்று பேசுவது, உரிமையைத் திரையாக்கிக்கொள்வதாகும். அந்தரங்கம் வேறு, வஞ்சகம் வேறு. தோழி ஒருத்தி தன் குடும்பத் துயரை எழுதி அனுப்பியிருக்கிறாள். அண்ணன் தன் நோயைப் பற்றி ரகசியமாகச் சொல்லியிருக்கிறான். அவற்றைக் காப்பது கடமை, ஏனெனில் அவை பிறர் ஒப்படைத்த பொருள்கள். ஆனால் துணையின் வாழ்க்கையையே பாதிக்கும் உண்மையை மறைப்பவருக்கு அந்தக் காவல் பொருந்தாது. அந்த உண்மை துணைக்கும் உரியது. பிறர் பிடுங்கும் முன் தாமே சொல்லியிருக்க வேண்டியது.

எந்தத் தவறும் நேராத வீட்டிலும், மனைவியின் ஒவ்வோர் அழைப்பையும் கணக்குக் கேட்கும் கணவர்கள் இருக்கிறார்கள். அது ஐயமே அன்று, ஆதிக்கம். தனியறையோ பூட்டுள்ள பெட்டியோ கண்டிராத எத்தனையோ பெண்களுக்குத் தமக்கென்று வாய்த்த முதல் பூட்டு அந்தக் கைபேசியில்தான் இருக்கிறது.

முறிந்த நம்பிக்கை எல்லா இல்லங்களிலும் மீள்வதில்லை. மீளும் இடங்களில் அது மெதுவாகவே மீள்கிறது. தவறியவர் கேட்கப்படாமலே தம் கைபேசியை மேசைமீது வைத்துவிட்டு வெளியே போகிறார். முதல் மாதங்களில் மற்றவர் அதை எடுத்துப் பார்க்கிறார்; பார்த்ததை மறைக்காமல் சொல்கிறார். அதற்காகத் தவறியவர் கோபிப்பதில்லை. பின்னர் ஒருநாள் மேசைமீது கைபேசி ஒலிக்கிறது. அடுப்படியில் இருப்பவர், ‘யாரோ கூப்பிடுகிறார்கள், வந்து பாருங்கள்’ என்று குரல் கொடுத்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்கிறார்.