வேலை: உரிமையா, சோதனையா?

இல்லாதவனுக்கு உதவ வேண்டும் என்பதை எவரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. ஆயின், உதவி கேட்பவன் உண்மையில் இல்லாதவன்தானா என்பதை எங்ஙனம் அறிவது என்ற வினா எழுந்தவுடன், அறம் நிருவாகத்தின் கைக்கு மாறிவிடுகின்றது. தொல்லையும் அவ்விடத்திலேயே தொடங்குகின்றது. வள்ளுவர் பொருட்பாலில் இரவு, இரவச்சம் என்னும் இரு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருப்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது. இரத்தலுக்கு ஓரளவு இடங்கொடுத்த கையோடு அதனை அஞ்சவும் சொல்லுகின்றார் அவர். இரப்பதால் வயிறு நிறையலாம். இரப்பவன் குறைந்து போகின்றான். இக்குறைவை நீக்கும் வழியாகவே, பிச்சைக்குப் பதிலாக வேலை என்னும் கொள்கை அரசுகளால் காலந்தோறும் முன்வைக்கப்பட்டது. அக்கொள்கை ஒன்றோடொன்று பொருந்தாத இரு நோக்கங்களைத் தன்னுள் கொண்டிருந்தது.

இங்கிலாந்தில் 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத் திருத்தம் அவற்றுள் ஒன்றை ஒளிவின்றி வெளிப்படுத்தியது. உதவி பெறுவோனின் நிலை, வெளியே சொந்தமாக உழைத்துப் பிழைக்கும் மிகத் தாழ்ந்த கூலியாளின் நிலையிலும் கீழானதாக இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படைத் தத்துவம். வேலை இல்லங்களில் கணவனும் மனைவியும் பிரித்து வைக்கப்பட்டனர். அங்கு வேலை வழங்கப்பட்டது வேலையின் பொருட்டன்று; வருபவனை வராமல் தடுப்பதன் பொருட்டு. உண்மையான வறுமை எதனையும் சகித்துக்கொள்ளும், போலி வறுமை சகியாது என்பது அவர்தம் கணக்கு.

இதே கணக்கு, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தின்போது இன்னும் கொடிய வடிவில் தோன்றியது. 1877இல் அரசப்பிரதிநிதி லிற்றன் பிரபுவினால் அனுப்பப்பட்ட சேர் ரிச்சர்ட் ரெம்பிள், நிவாரண வேலையில் ஈடுபட்ட ஆணொருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சிறு காசும் போதுமென விதித்தார். கடுமையாக உழைப்பவனின் உடலை அவ்வளவு தானியம் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ் வாதாடினார். வேலைத்தலம் வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் இருத்தல் வேண்டும் என்ற தூரச் சோதனையும் கையாளப்பட்டது. பசி முற்றியவனால் பத்து மைல் நடக்க இயலாது. நடந்து வந்து சேர்ந்தவனோ அத்துணை பசித்தவனல்லன். தான் தேடிய ஆளையே அச்சோதனை வழியில் வீழ்த்திவிட்டது. சென்னை நகரில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அக்காலத்து நிவாரண வேலையாக வெட்டப்பட்டதே. அப்பஞ்சத்திற்குத் தப்பி இலங்கையின் கோப்பித் தோட்டங்களை வந்தடைந்தோர் பல்லாயிரவர். மலையக வரலாற்றைப் பயில்வோர் இத்தூரச் சோதனையையும் சேர்த்தே பயில வேண்டியவராகின்றனர்.

மற்றைய நோக்கம் வேறு வகையானது. 1848 பெப்ருவரியில் பாரிஸ் நகரின் தற்காலிக அரசு குடிமக்கள் அனைவருக்கும் வேலை வழங்குவதாகப் பிரகடனஞ் செய்தது. அதன்படி எழுந்த தேசியப் பட்டறைகள் ஜூன் மாதத்திலேயே மூடப்பட்டன. வீதிகளில் குருதி பெருகியது. ஆயினும், வேலை என்பது கொடையன்று, கோரிப் பெறத்தக்கது என்ற எண்ணம் அத்துடன் மடிந்துவிடவில்லை. இந்திய அரசியலமைப்பின் 41ஆம் உறுப்புரை வேலைக்கான உரிமையைக் கூறுகின்றது. எனினும் அரசின் பொருளாதார வலுவுக்குட்பட்டே என்றும் உடன் கூறிவிடுகின்றது. மகாராட்டிர மாநிலம் 1972ஆம் ஆண்டின் பெரும் வரட்சியிற் பெற்ற அனுபவத்தைக் கொண்டு 1977இல் வேலை உறுதிச் சட்டமொன்றை இயற்றியது. நகரங்களில் தொழில் புரிவோரிடம் அறவிட்ட வரி அதற்குப் பயன்பட்டது. 2005இல் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய தேசிய கிராமிய வேலை உறுதிச் சட்டம் இதன் வழிவந்ததே.

இச்சட்டத்தின் ஏற்பாடுகளைச் சென்னைப் பஞ்சத்தின் விதிகளோடு ஒப்புநோக்குவது பயனுடையது. கிராமியக் குடும்பமொன்று ஆண்டுக்கு 100 நாள் வேலையைக் கோரலாம் என்று அது விதித்தது. கோரிய 15 நாட்களுக்குள் வேலை கிடைக்காவிடின் வேலையற்றோர் படி வழங்கப்படல் வேண்டும். வேலைத்தலம் 5 கிலோமீற்றருக்கு அப்பால் அமையுமாயின் கூலியில் நூற்றுக்கு 10 வீதம் கூடுதலாகக் கொடுக்கப்படல் வேண்டும். முன்னையதில் தூரம் வறியவனைச் சோதித்தது. பின்னையதில் தூரத்திற்கு அரசு விலை கொடுக்க நேர்ந்தது. முன்னையதில் தான் வறியவன் என்பதைத் தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பின்னையதில் தான் கடமை தவறவில்லை என்பதை அரசு மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. ஈகைக்கும் உரிமைக்குமுள்ள வேறுபாடு கூலியின் அளவில் இல்லை. எவர் எவருக்கு விடை கூறக் கடமைப்பட்டவர் என்பதிலேயே உள்ளது.

நடைமுறையில் பல இடங்களிற் கூலி காலந்தாழ்த்தியே வந்ததும், வேலையற்றோர் படி பெரும்பாலும் ஏட்டளவில் நின்றதும் உண்மை. எனினும், தாமதமான கூலியைப் பற்றி முறையிடும் பெண், தனக்கு வரவேண்டிய கடனைக் கேட்பவளாக நின்று முறையிடுகின்றாள், இரப்பவளாக அன்று. இது வெறுஞ் சொல்லளவிலான ஆறுதல் என்று சிலர் நகைக்கக்கூடும். பசித்தவளுக்குச் சொல் சோறாகாதுதான்.

ஆயின், பழைய சல்லடை முற்றாக வீசப்பட்டுவிட்டதென்று கூறுவதற்கில்லை. இத்தகைய திட்டங்களை ஆதரிக்கும் பொருளியலாளர் கூறும் நியாயம் ஒன்றுண்டு. வெயிலில் மண் வெட்ட வசதியுள்ளவன் வரமாட்டான். ஆதலின் எவர் வறியவர் என்று விசாரிக்க வேண்டியதில்லை. வேலையே ஆளைத் தெரிந்தெடுத்துவிடும் என்பர். இதில் நன்மை இல்லாமலில்லை. வறுமைக்குச் சான்றிதழ் வேண்டி அலுவலகத் திண்ணையிற் காத்திருக்கும் இழிவு இதனால் நீங்குகின்றது. ஆனால், இந்நியாயத்தினுள்ளே 1834ஆம் ஆண்டின் குரல் மெல்லக் கேட்கின்றது. வேலை கடினமாயிருப்பதையே ஒரு பயனாக அது கருதுகின்றது. வெட்டிய மண்ணை அளந்து கூலி கொடுக்குமிடத்தில் முதியவளும் நோயாளியும் ஒரு காலை இழந்தவனும் என்ன செய்வர்? தேவை மிகுந்தவருக்கே மண்வெட்டியும் மிகப் பாரமாகின்றது. பத்து மைல் தூரம், வெட்ட வேண்டிய மண்ணின் கன அளவாக உருமாறி நிற்கின்றது.

அத்தகையோருக்கு வேலை எதற்கு, உதவிப் பணம் கொடுத்துவிடலாமே என்பது இரக்கத்திலிருந்து பிறக்கும் வாதம். உழைக்கவே முடியாதோரைப் பொறுத்தவரை அது சரியானதே. ஆனால், இயலாதோர் என்று ஒருவரை அழைக்கும்போது, வேலையின் வடிவம் மாற்றவொண்ணாதது என்பது விசாரணையின்றி ஏற்கப்பட்டுவிடுகின்றது. இலங்கையில் 1988ஆம் ஆண்டின் பொது நிருவாகச் சுற்றறிக்கையொன்று அரச துறை வேலைகளில் நூற்றுக்கு 3 வீதத்தை வலது குறைந்தோருக்கு ஒதுக்கியது. உரிய தகைமை இருத்தல் வேண்டும், குறைபாடு கடமைக்கு இடையூறாகாதிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனைகளும் அதிலிருந்தன. கடமை முன்னரே வகுக்கப்பட்டுவிட்டது. அதற்குட் பொருந்தும் மனிதன் தேடப்பட்டான். 2012இல் தமிழ்நாட்டு அரசு, வேலை உறுதித் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனியான பணி அளவுகளை வகுத்தபோது எதிர்த்திசையிலிருந்து தொடங்கியது. குடிநீர் வழங்குதல், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுதல், மண்ணுக்கு நீர் தெளித்தல் போன்ற வேலைகள் அவர்களுக்கெனப் பிரிக்கப்பட்டன. குறைந்த அளவு வேலைக்கு முழுக் கூலியும் அனுமதிக்கப்பட்டது. இங்கு மனிதனுக்கேற்ப வேலை திருத்தப்பட்டது.

அருகே நின்று முழுக் குழியையும் வெட்டியவன் இதனை ஏற்பானா? அவன் முணுமுணுப்பது இயல்பே. அவனுக்கு விடை கூறாது கடந்து செல்வதும் நேர்மையாகாது. அவனுடைய கூலியும் வெறும் மண்ணின் விலையன்று. வேலையற்ற மாதங்களில் அவன் குடும்பம் பட்டினி கிடக்கலாகாது என்று சமுதாயம் ஏற்றுக்கொண்ட கடமையின் அளவு அது. அக்கடமை அவன் கையின் வலுவைப் பார்த்துத் தோன்றவில்லை. மற்றவன் கையின் வலுவின்மையைப் பார்த்து அது குறைவதற்கும் நியாயமில்லை. அங்ஙனமாயின் மண் வெட்டச் சொல்வதேன், கூலியை வீட்டிலேயே கொடுத்துவிடலாமே என்று அவன் திருப்பிக் கேட்பானாயின், தூர்ந்து கிடக்கும் குளத்தைத்தான் அவனுக்குக் காட்ட வேண்டியிருக்கும்.