தோள் மாற்றும் கைங்கர்யம்

வைகாசி விசாகப் பெருவிழாவுக்கு ஆழ்வார்திருநகரிக்கு எழுந்தருளும் அன்பர்கள் உறங்காப்புளியை ஸேவியாமல் திரும்புவதில்லை. அப்புளியின் அடியில்தான் ஸ்வாமி நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் திருவாய் மலராமல் யோகத்தில் எழுந்தருளியிருந்தார். காரியாருக்கும் உடையநங்கையாருக்கும் திருக்குமாரராய் அவதரித்த அக்குழந்தை அழவில்லை, பாலுண்ணவில்லை, கண் திறந்து பார்க்கவுமில்லை. உலக நடைக்கு மாறாக இருந்தமையால் மாறன் என்றே திருநாமம் இட்டார்கள்.

ஆழ்வாருடைய மௌனத்தைக் குறையென்று நினைப்பதும் அபசாரமாகும். ஆயினும், அது யோகம் என்பது மதுரகவிகள் வந்து வினவிய பின்னரே உலகுக்கு வெளியாயிற்று. அதுவரை அத்தாயின் திருவுள்ளம் எவ்வாறு கலங்கியிருக்கும்! அழாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கழித்த இரவுகளை யார் அறிவார்? அப்பெற்றோர் குழந்தையை வீட்டின் உள்ளறையில் மறைத்து வைக்கவில்லை. ஊரார் அனைவரும் வந்து கூடும் ஆதிநாதன் திருக்கோயிலுக்கே கொண்டுவந்தார்கள். இவன் உன்னுடையவன் என்று எம்பெருமான் திருமுன்பே விட்டார்கள்.

இன்றும் ஊர்தோறும் அத்தகைய கலக்கத்தோடு வாழும் தாய் தந்தையர் உளர். அறிவு வளர்ச்சி குன்றிய மகனுக்கு வயது முப்பது ஆகியிருக்கும். நீராட்டவும் உணவூட்டவும் தாயே வேண்டும். கூட்டத்தில் அவன் கூச்சலிடுவானோ, பிறர் முகம் சுளிப்பார்களோ என்று அஞ்சி அவள் திருவிழாவுக்கே வருவதில்லை. கோபுரத்தை எட்ட நின்று கைகூப்பி மீண்டுவிடுகிறாள். பெருமாள் வீதி எழுந்தருளும் நாளில் அவ்வீட்டுக் கதவு மட்டும் அடைத்துக் கிடக்கிறது.

முற்பிறவிப் பாபத்தின் பயன் என்று அத்தாயின் செவிபடவே சொல்வாரும் உண்டு. சாஸ்திரம் கற்றவர் அவ்வாறு சொல்லார். உடம்பு வினையால் வந்தது என்பது எல்லா உடம்புக்கும் பொது. சொல்பவருடைய உடம்பும் அதற்கு விலக்கன்று. பிறருடைய வினைக்கணக்கைப் படிக்கும் அதிகாரம் எவருக்கும் அளிக்கப்படவில்லை. துன்புற்றவரைக் கண்டால் இரங்குவதே வைஷ்ணவ லக்ஷணம்.

இவ்விடத்தில் பெரியோர் அருளிச்செய்யும் ஓர் ஐதிஹ்யம் நினைக்கத்தக்கது. ஆத்மாவுக்கு உயிர்நிலையான அடையாளம் எது? அறிவுடைமையா, எம்பெருமானுக்கு அடிமைப்பட்டிருத்தலா? இதனை அறிந்துவரும்படி எம்பெருமானார் கூரத்தாழ்வானைத் திருக்கோட்டியூர் நம்பியிடம் அனுப்பியருளினார். ஆழ்வான் ஆறு மாத காலம் நம்பிக்கு அடிமை செய்து காத்திருந்தார். விடைபெறும் தருணத்தில் நம்பி, ஆழ்வாருடைய பாசுரத்தையே பிரமாணமாகக் காட்டி, அடிமைத்தன்மையே முற்பட்ட அடையாளம் என்று அருளிச்செய்தார்.

இதன் பொருள் ஆழமானது. அறிவு இவ்வுலகில் சுருங்கும், விரியும். குழவிப் பருவத்தில் சுருங்கியிருக்கிறது, உறக்கத்தில் சுருங்குகிறது, முதுமையில் மகாபண்டிதருக்கும் மறதி வருகிறது. அவனுக்கு உரியவன் என்னும் உறவோ ஒருநாளும் சுருங்குவதில்லை. எழுத்தறியாத மகனும், தன் பெயரைச் சொல்லத் தெரியாத மகளும் அவ்வுறவில் நான்கு வேதம் ஓதினவருக்கு ஓர் அணுவும் குறைந்தவர் அல்லர். ஆகையால் அவர்களுக்குச் செய்யும் உபகாரத்தைத் தாழ்ந்தவர்க்கு உயர்ந்தவர் இடும் பிச்சையாகக் கருதலாகாது. அதுவும் எம்பெருமான் உடைமைக்குச் செய்யும் கைங்கர்யமே.

இக்கைங்கர்யம் செய்யும் முறையைத் திருவீதியிலேயே காணலாம். தோளுக்கினியானில் பெருமாள் எழுந்தருளும்போது ஸ்ரீபாதம் தாங்குவார் ஒருவருடைய தோள் தளருமுன் மற்றொருவர் வந்து தண்டுக்குத் தோள் கொடுக்கிறார். முன்னவர் விலகி, சற்றே இளைப்பாறி, மீண்டும் வந்து சேர்கிறார். எத்தனை பக்தி இருந்தாலும் மாற்றுத் தோள் இல்லையேல் வீதி நான்கும் கடத்தல் அரிது. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பேணும் தாயோ இருபது, முப்பது ஆண்டுகளாகத் தோள் மாற்றாமல் சுமக்கிறாள். அவளுடைய தியாகத்தைப் புகழ்வார் பலர். அரைநாள் அவளுக்கு ஓய்வு கொடுப்பார் சிலரே.

அவ்வாறு தோள் கொடுக்கும் தர்ம ஸ்தாபனங்கள் இந்நாட்டில் இல்லாமல் இல்லை. ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே, தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981-ஆம் ஆண்டு, ஐக்கிய நாடுகள் ஸபை ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த அதே ஆண்டில், தொடங்கப்பெற்றது. இதனை நிறுவிய திரு. எஸ். இராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்தவர். 2020-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். தாமே பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையிலிருந்து பிறருக்குக் கைகொடுத்தார் என்பது கருதத்தக்கது. சென்னை தியாகராய நகரில் 1989-ல் தொடங்கிய மதுரம் நாராயணன் நிலையத்தில், இளங்குழந்தைகளுக்கான பயிற்சியில் தாயும் உடனிருந்து கற்கிறாள். சென்னையிலிருந்து திருவிடவெந்தைக்குச் செல்லும் வழியில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் நடைபெறுகிறது. நித்யகல்யாணப் பெருமாளை ஸேவிக்கச் செல்வோர் அதனைக் கடந்தே செல்கின்றனர்.

பெற்றோருடைய நெஞ்சை அரிக்கும் கவலை ஒன்று உண்டு. எங்களுக்குப் பின் இவனுக்கு யார் என்பதே அது. இதற்கு வழி காணவே 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி, பதினெட்டு வயது கடந்த பின்னும் பிறர் பாதுகாப்புத் தேவைப்படுவோருக்கு, மாவட்ட ஆட்சியரை உறுப்பினராகக் கொண்ட உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. நிராமயா என்னும் மருத்துவக் காப்பீடும் இவ்வறக்கட்டளையின் கீழ் உள்ளது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று உரிமைகளை வகுத்துள்ளது. இவை இருப்பதை அறியாத குடும்பங்கள் எத்தனையோ! விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அலுவலகம் வரை உடன் செல்வதும் சிறந்த தர்மமாகும்.

பொருள் கொடுப்போரும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். பிறந்த நாளன்று ஒருவேளை விருந்து அளிப்பது நன்றே. அத்தகைய பள்ளி ஆண்டு முழுவதும் நடைபெற, பயிற்சி பெற்ற ஆசிரியைக்குச் சம்பளம் வேண்டும். பிள்ளைகளை அழைத்துவர வண்டி வேண்டும். திருக்கோயிலில் நந்தாவிளக்குக்கு நிரந்தரக் கட்டளை வைத்த முன்னோர் மரபில் வந்தவர்களுக்கு, மாதந்தோறும் தவறாமல் வரும் சிறு தொகையின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

பொருள் இல்லாதவரும் செய்யத்தக்கது உண்டு. திருவிழாக் கூட்டத்தில் அத்தகைய பிள்ளையோடு ஒரு தாய் வந்து நின்றால், வரிசையில் முன்னே வழி விடலாம். அவன் உரக்கக் கூவினால் திரும்பிப் பார்த்து முகம் சுளியாதிருக்கலாம். ததீயாராதனப் பந்தியில் அருகே அமர்த்தி இலையில் பரிமாறலாம். அவனுக்குப் பழகியவராயின், அவன் கையைச் சற்றே பிடித்துக்கொண்டு, நீங்கள் பெருமாளை ஸேவித்து வாருங்கள் என்று அவளிடம் சொல்லலாம். பல ஆண்டுகளுக்குப் பின் அவள் அன்றுதான் கவலையின்றிக் கண்ணாரத் திருமேனியை ஸேவிப்பாள். அந்த ஸேவையின் பலனில் கைபிடித்து நின்றவருக்கும் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

மாறனைத் தன் ஸந்நிதியில் ஏற்றுக்கொண்ட ஆதிநாதன், அடைத்த கதவுகளுக்குள் இருக்கும் அப்பிள்ளைகளையும் அவர்களைப் பேணும் அன்னையரையும் காத்தருள்வானாக. அவர்களுக்குத் தோள் கொடுக்கும் உள்ளத்தை அடியார் அனைவருக்கும் அவனே அருள்வானாக.

சுபம்.