படத்தில் இருக்கும் பால்குடம்

தம்பி தங்கைகளே, புலனத்தில் என் படத்தைப் பார்த்திருப்பீங்க. பத்துமலை, தைப்பூசம், நெற்றி நிறைய திருநீறு, தலையில் பால்குடம். குடம் என் தங்கச்சியோடது. 272 படியும் அவதான் தூக்கிட்டு ஏறினா; படத்துக்கு மட்டும் நான் வாங்கி வச்சேன். சமய வகுப்புத் தம்பி ஒருவன், "அண்ணே, எத்தனை நாள் விரதம்?" என்று கேட்டான். "48" என்று சொல்லிட்டேன். அடுத்த வருஷம் அவனும் 48 நாள் இருக்கப் போறானாம்.

முத்தநாதன் திருநீறு பூசி, சுவடிக்கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்தான். மெய்ப்பொருள் நாயனார் வேடத்தை நம்பி வணங்கினார். குத்துப்பட்ட பிறகும் அவனைப் பத்திரமாக அனுப்பச் சொன்னார். அந்த மரியாதை திருநீற்றுக்கு, முத்தநாதனுக்கு இல்லை. இதை வகுப்பில் நானே நடத்தியிருக்கேன்!

நேத்து ராத்திரி அந்தத் தம்பிக்கு உண்மையை எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு. பதில் இன்னும் வரல.